ஆளில்லாத் தீவில் நாலு பேர்

சின்ன விமானத்தில் வந்து இறங்குகிறீர்கள். கூடாரம் அடிக்க இடம் பார்த்து, சுள்ளியும் பழமும் பொறுக்கிக் கொடுத்து, ராத்திரி நெருப்பு மூட்டி எல்லாரோடும் உட்கார்ந்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஆளுக்கொரு செல்போனைக் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே கணக்கையும் சொல்கிறார் உங்களைத் தீவுக்குக் கூட்டிவந்த வியாபாரி டாம் நுக்: 49,800 பெல், அதுதான் அங்கே காசு. விமானம், கூடாரம், செல்போன் எல்லாம் சேர்த்து. கையில் காலணா இல்லை என்றால் ‘மைல்’ என்ற புள்ளிக் கணக்கில் 5,000 சேர்த்துக் கட்டலாம். அதைக் கட்டி முடித்ததும் வீடு கட்டித் தருகிறேன் என்று 98,000 பெல் கடன். வட்டி கிடையாது, தவணைத் தேதி கிடையாது, அமீனா வரமாட்டார். நாளைக்குக் கட்டலாம், அடுத்த வருஷம் கட்டலாம், கட்டாமலே கூட இருந்துவிடலாம்.

நின்டெண்டோ நிறுவனத்தின் வீடியோ கேம் ‘அனிமல் கிராசிங்: நியூ ஹரைசன்ஸ்’ இப்படித்தான் தொடங்கும். தொடங்கும் என்றுதான் சொல்ல முடியும். முடியும் என்று எதுவும் இல்லை. வில்லன் இல்லை, சாவு இல்லை, ‘கேம் ஓவர்’ இல்லை. களை பிடுங்கலாம், மீன் பிடிக்கலாம், பக்கத்து வீட்டு அணிலுக்குக் கடிதம் எழுதலாம். இதைப் போய் ஒருவர் மாங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாக, வரைந்திருக்கிறார். கொகொனாசு ரும்பா என்ற பெயரில் எழுதும் கலைஞரின் ‘முஜின்தோ டயரி’, அதாவது ஆளில்லாத் தீவின் நாட்குறிப்பு. ஜப்பானில் ஷோகாகுகான் வெளியீடு. ஆங்கிலத்தில் விஸ் மீடியா 2021 செப்டம்பரில் முதல் தொகுதியைக் கொண்டுவந்தது.

கதையில்லாத ஆட்டத்தைக் கதையாக்குவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டால் ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டையும் சொல்வேன். எந்த இடத்தில் ஆமாம், எந்த இடத்தில் இல்லை என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

சிபாவிலிருந்து கியோட்டோவுக்கு

மாங்காவைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கட்சுயா எகுச்சி 1986இல் நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தவர். சொந்த ஊர் டோக்கியோவை ஒட்டிய சிபா; வேலை கியோட்டோவில். அம்மா அப்பா, கூட்டாளிகள் எல்லாரையும் விட்டுவிட்டு வந்து தனியாக உட்கார்ந்தபோதுதான், பக்கத்தில் ஆள் இருப்பதும் அவர்களோடு பேசுவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஏக்கத்தை ஆட்டமாக்க முடியுமா என்று பார்த்ததன் விளைவு, 2001 ஏப்ரல் 14 அன்று நின்டெண்டோ 64 என்ற கருவியில் வந்த ‘தோபுட்சு நோ மோரி’. விலங்குகளின் காடு. அனிமல் கிராசிங் வரிசையின் முதல் ஆட்டம்.

அந்த முதல் ஆட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கிராமத்தில் மனிதர்களுக்கு என்று நாலு வீடு. ஒரே குடும்பத்தில் நாலு பேர் அந்தக் கிராமத்தில் ஆளுக்கொரு வீடு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். வேலை முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு வரும் அப்பா ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டுப் போனால், மறுநாள் பள்ளி விட்டு வரும் மகள் அதை எடுத்துப் படிக்கலாம். அறிவிப்புப் பலகையில் ஏதாவது கிறுக்கிவைக்கலாம். ஆட்டம் அடங்கிய கேட்ரிட்ஜுக்குள்ளேயே கடிகாரம் வைத்திருந்தார்கள். யாரும் ஆடாத நேரத்திலும் கிராமத்தில் பொழுது போய்க்கொண்டிருக்கும். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நேரம் ஒத்துவராமல் சந்திக்க முடியாதவர்கள், ஒருவர் விட்டுச்சென்ற தடத்தை இன்னொருவர் பார்ப்பது. அதுதான் ஆட்டம். விலங்குகள் எல்லாம் இடைவெளியை நிரப்ப வந்த அக்கம்பக்கம்.

நாலு வீடு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஹரைசன்ஸ் வந்தது 2020 மார்ச் 20. ஜப்பானில் மார்ச் 2 முதலே பள்ளிகளை மூடச்சொல்லி அரசு கேட்டுக்கொண்டிருந்தது; ஏப்ரல் 7இல் அவசர நிலை. நம் ஊரில் ஊரடங்கு தொடங்கியது மார்ச் 25. முதல் ஆறு வாரத்தில் 1.34 கோடி பிரதி விற்றது; இன்றைக்கு 4.5 கோடியைத் தாண்டிவிட்டது. ஜப்பானில் ஆட்டத்தின் முழுப்பெயர் ‘அட்சுமரே தோபுட்சு நோ மோரி’. ‘அட்சுமரே’ என்றால் ‘எல்லாரும் வாங்க, கூடுங்க’ என்று கூப்பிடுவது. மூணு பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் விரட்டிய மாதத்தில் இப்படி ஒரு பெயர். ‘புதிய தொடுவானங்கள்’ என்ற ஆங்கிலப் பெயரில் இந்த அழைப்பு காணாமல் போய்விட்டது. எனக்கென்னவோ மாங்காக்காரர் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வரைந்தார் என்று தோன்றுகிறது.

பேசாத நாயகனை என்ன செய்வது

ஆட்டத்தில் நீங்கள் ஆளும் பாத்திரத்துக்குக் குணம் கிடையாது. பெயர் நீங்கள் வைப்பது, முகம் நீங்கள் வரைவது. வாய் திறந்து அவன் சொல்வதெல்லாம் பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு வரி. விலங்குகள்தான் ஓயாமல் பேசும். 400க்கு மேல் விலங்குகள் உண்டு. அவற்றின் குணமோ எட்டே எட்டு வார்ப்பு. சோம்பேறி, உடற்பயிற்சிப் பைத்தியம், சிடுமூஞ்சி, அலட்டல் மன்னன், சாந்தம், துள்ளல், ராங்கி, அக்கா. ஒவ்வொரு விலங்குக்கும் வாக்கிய முடிவில் ஒட்டிக்கொள்ளும் ஒரு தனிச்சொல். ஆடும்போது இது போதும். ஏனென்றால் ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான் பார்க்கிறீர்கள். தாளில் இருபது பக்கம் இழுத்தால் வெளுத்துவிடும்.

இதற்கு ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. 2006 டிசம்பரில் ஜப்பானில் இதே ஆட்டத் தொடரை வைத்து ஒரு அனிமே, அதாவது கார்ட்டூன் படம் வந்தது. ஆய் என்ற சிறுமி தனியாகக் கிராமத்துக்குக் குடிவருகிறாள். விலங்குகளில் தோழிகள் கிடைக்கிறார்கள். கடற்கரையில் ஒதுங்கும் பாட்டில்களில் யாரோ எழுதிய செய்திகள் அவளை ஒரு வேலைக்கு ஏவுகின்றன. தோழிகளில் ஒருத்தி தன் கனவைத் தேடி ஊரைவிட்டுப் போகிறாள். ஆடுபவரின் இடத்தில் ஒரு பிள்ளையை வைத்து, அவள் வளர்வதைச் சொல்லும் வழி அது. மெதுவான, மெல்லிய படம். பிரிவுதான் அதன் நடுநரம்பு.

முஜின்தோ டயரி அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு மனிதருக்குப் பதில் நாலு மனிதர்களைத் தீவில் இறக்கியது. கொரோயுகி, பென்பென், ஹிமெபொயோ, கூச்சான். ஜப்பானியக் குழந்தைக்குப் பெயரைக் கேட்டதுமே ஆள் கண்முன் வந்துவிடும். ‘கூ கூ’ என்பது அங்கே குறட்டைச் சத்தம். ‘ஹிமே’ என்றால் இளவரசி, ‘பொயோ’ என்பது கொழுகொழுவென்று அமுங்குவதற்கான ஒலிக்குறிப்பு. ‘பென்’ என்றதும் ‘பென்கியோ’ நினைவுக்கு வரும், படிப்பு. ‘கொரோ’ எதற்கு? தொடர் வந்த இதழ் வகையே ‘கொரோகொரோ’. இதழின் பெயரையே முதல் பிள்ளைக்கு வைத்தாயிற்று.

ஆமாம், அந்த இதழைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கொரோகொரோ 1977இல் ஷோகாகுகான் தொடங்கியது. தொடக்கப் பள்ளிப் பையன்களுக்கானது. தலையணை மாதிரி தடிமன், மலிவான தாள். பொம்மை, விளையாட்டு அட்டை, வீடியோ கேம் எது புதிதாக வந்தாலும் அதை வைத்து ஒரு சிரிப்புத் தொடர் அதில் ஓடும். மரியோவை வைத்து 1990இல் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் தலைமுறை தாண்டி ஓடியது. இந்த வகை மாங்காவில் கண்ணீர் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி பீறிடும், தாடை தரையைத் தொடும், மூக்குச்சளி தொங்கும். மென்மைக்கும் இதற்கும் காத தூரம்.

ஆகவே ‘கோசி மாங்கா’, அதாவது மனதுக்கு இதமான மாங்கா, என்று சொல்லி இதை யாராவது உங்களிடம் நீட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள். ஜப்பானில் மனதை ஆற்றும் கதைகளுக்கு ‘இயாஷிகெய்’ என்று தனி வகையே உண்டு. டீ ஆறும் வரை ஒரு பக்கம், மழை நிற்கும் வரை ஒரு அத்தியாயம் என்று போகும். முஜின்தோ டயரி அந்த அலமாரிக்கு உரியதல்ல. ஆட்டம் கோசி என்பதால் புத்தகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது, மாவு நல்ல மாவு என்பதால் பணியாரமும் இட்லி மாதிரி இருக்கும் என்று நினைப்பது.

சிரிப்பு எங்கிருந்து வந்தது

இதழின் பாணியை ஆட்டத்தின் மேல் வலிந்து ஒட்டிவிட்டார்கள் என்று ரசிகர்களில் சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சிரிப்புக்கான சரக்கு ஆட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஆடுபவர் அமைதியாக இருப்பதால் அது அமைதியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

குளவி விஷயத்தையே எடுங்கள். பழத்துக்காகவோ சுள்ளிக்காகவோ மரத்தை உலுக்குகிறீர்கள். ஒருமுறை, இருமுறை. மூன்றாவது மரத்தில் தொப்பென்று ஒரு கூடு விழுகிறது. குளவிக் கூட்டம் கரும்புகையாய்க் கிளம்புகிறது. ஓடுகிறீர்கள். வலை கையில் இருந்தால் திரும்பி ஒரே வீச்சில் பிடிக்கலாம். பதற்றத்தில் கோடாரியை எடுத்துவிடுகிறீர்கள். கொட்டிவிட்டது. ஒரு கண் வீங்கி, முகம் ஒருபக்கம் பம்மென்று ஆகிறது. அதே முகத்தோடு தெருவில் நடந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பற்றி விசாரிக்காமல் விடமாட்டார்கள். மருந்து போடாமல் இரண்டாவது முறை கொட்டு வாங்கினால் மயக்கம். கண் திறந்தால் உங்கள் வீட்டு வாசல். அந்த மருந்தை எதில் செய்வது? மூன்று கட்டுக் களையும் ஒரு குளவிக்கூடும். கொட்டியவன் வீட்டையே அரைத்துப் பூசிக்கொள்ள வேண்டும்.

இதை நீங்கள் தனியாக, சோபாவில், ராத்திரி ஆடும்போது ‘ஐயோ’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும், அத்துடன் சரி. பக்கத்தில் மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால்? ஒருத்தன் உலுக்கச் சொன்னவன், ஒருத்தன் வேண்டாம் என்றவன், ஒருத்தன் தூங்கிக்கொண்டிருந்ததால் அவன் முகத்திலும் கொட்டு வாங்கியவன். அப்போதுதான் அது நகைச்சுவை. ஜப்பானிய மேடைச் சிரிப்பில் ‘போகே’, ‘சுக்கோமி’ என்று இரண்டு வேலை உண்டு. போகே கோணலாக ஏதாவது செய்வான். சுக்கோமி பொறுக்க முடியாமல் சாடுவான். செந்தில் இல்லாமல் கவுண்டமணி தனியாக நின்றால் கோபக்காரர், அவ்வளவுதான். பேசாத ஒற்றை நாயகனால் இரண்டு வேலையும் செய்ய முடியாது. எட்டு வார்ப்பில் அடங்கிய விலங்குகளாலும் முடியாது. நாலு மனிதர் தேவைப்பட்டது இதற்காகத்தான்.

இன்னொரு சரக்கு, டர்னிப் வியாபாரம். டர்னிப் என்றால் நூல்கோல் சாயலில் ஒரு கிழங்கு. ஞாயிறு காலை மூக்கொழுகிய ஒரு பன்றிக்குட்டிப் பெண் தலையில் சுமந்துகொண்டு வருவாள், மதியத்துக்குள் போய்விடுவாள். விலை 90இலிருந்து 110 பெல்லுக்குள். வாரம் முழுக்கக் கடைக்காரர்கள் காலையில் ஒரு விலை, மதியத்துக்கு மேல் ஒரு விலை சொல்வார்கள். அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிட்டால் அத்தனையும் அழுகல். ஜப்பானிய மொழியில் இந்தக் கிழங்குக்கு ‘கபு’ என்று பெயர். பங்குச்சந்தைப் பங்குக்கும் ‘கபு’தான் பெயர். ஒரு சிலேடையைத் தூக்கி ஒரு சந்தையையே கட்டிவிட்டார்கள். வீட்டுத் தரை முழுக்கக் கிழங்கைக் கொட்டிவைத்துவிட்டு வெள்ளிக்கிழமை வரை விலை ஏறுமா ஏறுமா என்று காத்திருந்து 40 பெல்லுக்குத் தள்ளிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. மனதை ஆற்றும் ஆட்டமாம்.

அருங்காட்சியக ஆந்தை பிளாதர்ஸ் பூச்சி என்றால் அலறும். ஆனால் தீவின் பூச்சிகளை எல்லாம் வாங்கிப் பாதுகாப்பது அதன் உத்தியோகம். பட்டாம்பூச்சியை நீட்டும் ஒவ்வொரு முறையும் அது முகம் சுளித்துக்கொண்டே விளக்கம் சொல்லும். கடல் மீன் ஒன்றைப் பிடித்ததும் ஆங்கிலப் பதிப்பில் ‘ஸீ பாஸ்’ என்று காட்டிவிட்டு, இல்லை இல்லை, இது குறைந்தது ‘ஸீ ப்ளஸ்’ என்று மார்க் போடுவார்கள். முதல் தடவை புன்னகை, நூறாவது தடவை எரிச்சல். இப்படிக் கடித்துக் குதறும் ஆட்டத்தைச் சிரிப்பு மாங்காவாக்கியது துரோகமா என்ன?

தாளில் ஓடாத கடிகாரம்

சரி, இல்லை என்று சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆட்டத்தின் ஆறுதல் அழகான மரத்திலோ உருண்டைத் தலையிலோ இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் ராத்திரி ஒன்பது என்றால் தீவிலும் ராத்திரி ஒன்பது. பத்து மணிக்குக் கடை சாத்திவிடும். அவசரம் என்றால் காலை எட்டு வரை பொறுக்க வேண்டியதுதான். விதைத்த மரம் வளர நாட்கள் ஆகும், பாலம் கட்ட ஒரு ராத்திரி ஆகும். ஒவ்வொரு மணிக்கும் பின்னணி இசை மாறும். விடியற்காலை நாலு மணிக்கு ஒலிக்கும் மெட்டைக் கேட்டவர்கள் தூக்கம் வராதவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும்தான். மணலில் நடந்தால் ஒரு சத்தம், மரப்பாலத்தில் நடந்தால் ஒரு சத்தம். நீங்கள் மாதக்கணக்கில் வராவிட்டாலும் தீவு உங்களைத் திட்டாது. களை முளைத்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எங்கே போயிருந்தாய் என்பார்.

இதில் எதையும் கறுப்பு வெள்ளைத் தாளில் கொண்டுவர முடியாது. அதைவிட முக்கியம், சிரிப்பு மாங்காவுக்குக் காத்திருக்கத் தெரியாது. விதைத்த கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில் காய்க்க வேண்டும், அதற்கடுத்த கட்டத்தில் அது தலையில் விழ வேண்டும். பக்கத்தைத் திருப்பும் வேகம்தான் அதன் கடிகாரம். ‘இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை’ என்பது ஆட்டத்தில் நல்ல நாள். கொரோகொரோ பாணியில் அது வெற்றுப்பக்கம். கடன் விஷயத்திலும் அப்படித்தான். அவசரமில்லாத கடன் என்பது ஆட்டத்தின் மிக மென்மையான கற்பனை. சிரிப்புக்கோ கெடு வேண்டும், மிரட்டல் வேண்டும், மாட்டிக்கொள்ள வேண்டும்.

படுக்கப்போகும் முன் நாலு பக்கம் படித்து மனதை இறக்கிவைக்க நினைப்பவர்களுக்கு ஆகவே நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. கத்தல் அதிகம்.

நாலு வீடு

ஆனால் முதல் ஆட்டத்தின் நாலு வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். எகுச்சி விரும்பியது சேர்ந்திருப்பது. 2001இன் கருவி கொடுத்தது சேராமல் சேர்ந்திருப்பது. 2020இல் கருவி எவ்வளவோ முன்னேறியும் இந்த முடிச்சு முழுதாக அவிழவில்லை. ஆட்டம் ஓடும் ‘ஸ்விட்ச்’ கருவி ஒன்றுக்கு ஒரு தீவுதான். எட்டு பேர் வரை குடியேறலாம். ஒரே திரையில் நாலு பேர் வரை சேர்ந்து நடக்கவும் வழி செய்தார்கள். ஆனால் அந்த நால்வரில் ஒருவர்தான் தலைவர். கேமரா அவர் பின்னால் போகும். மற்ற மூவரும் வால். திரைக்கு வெளியே போனால் தலைவர் பக்கத்தில் இழுத்துப் போடப்படுவார்கள். தங்கள் பையைத் திறக்க முடியாது. அவர்கள் பிடித்த மீன் அவர்களுக்கு இல்லை. டாம் நுக்கின் அலுவலகத்தில் இருக்கும் மறுசுழற்சிப் பெட்டிக்குப் போய்விடும், பிறகு வந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

மாங்காவில் வால் கிடையாது. நாலு பேருக்கும் ஒரே நேரம், ஒரே கடற்கரை, ஒரே கட்டம். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திட்டிக்கொள்ளலாம். இருபது வருஷமாக ஆட்டம் நெருங்கி நெருங்கி வந்து தொட முடியாமல் நின்ற இடத்தை, பேனாவும் மையும் கொண்டு ஒருவர் சாதாரணமாகத் தாண்டிவிட்டார். ஆட்டத்தின் அமைதியை விட்டுவிட்டு ஆட்டம் பிறந்த ஏக்கத்தை எடுத்துக்கொண்ட தழுவல் இது. அமைதியை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாந்துபோவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. முதல் தொகுதியை அவனிடம் கொடுத்தபோது வழக்கம்போல் இடது பக்க அட்டையைத் திறந்து கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினான். ஜப்பானிய வரிசையில் வலமிருந்து இடம் படிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் தரையில் புரண்டு சிரித்தான். நான் எட்டிப் பார்த்தேன், எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. எனக்காக வரைந்ததும் இல்லையே.

பாதியில் தலையைத் தூக்கி, “மாமா, இவங்க நாலு பேருக்கும் லீடர் யாரு?” என்றான்.

“யாருமில்லடா.”

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான். தங்கை ஓடி வந்து இன்னொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டாள். அதைப் பிடித்து நன்றாகக் குலுக்கினால் தலைமை கைமாறும் என்று அந்த ஏழு வயதுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. குலுக்கினாள். அவன் பிடித்த மீன் மறுசுழற்சிப் பெட்டிக்குப் போனது. அடுத்த அரைமணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறிக் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள். தீவில் ஒரு களை கூடப் பிடுங்கப்படவில்லை.